எழில் நிரல்மொழியில் எழுத்துப் பகுப்பு: பொதுநிரலின் தேவை

செங்கல்பட்டு, மாமல்லபுரம் ஆகிய இரண்டும் ஏழெழுத்துப் பெயர்கள். பைத்தான் மொழியின் நீள அளவையோ யூனிகோடு குறியீடுகளை எண்ணி முறையே 12, 11 என விடை தரும். புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியே எண்ணப்படுவதே காரணம். முதற்பெயரை அவ்வாறே தலைகீழாக்கினால் உகரக்குறி மெய்யை இழந்து முன்னே நிற்கும்.

முத்தையா அண்ணாமலை பைத்தானில் உருவாக்கிய எழில் நிரல்மொழி, எழுத்துப் பகுப்பை ஓப்பன்-தமிழ் நூலகத்தினின்று பெறுகிறது. இப்பகிர்வின் பயன் உழைப்புக் குறைவு மட்டுமன்று. நீளம் காணல், தலைகீழாக்கல், தேடல் ஒவ்வொன்றும் தனக்கெனப் பகுப்புநிரல் கொண்டால், ‘க்ஷ’ ஓரிடத்தில் ஓரெழுத்தாகவும் பிறிதோரிடத்தில் ஈரெழுத்தாகவும் எண்ணப்படக்கூடும். ஆதலின் அம்முடிவைத் தாங்கும் செயற்கூறு ஒன்றாகவே இருந்து, ஏனையவை அதனை அழைத்தல் வேண்டும். கிரந்த எழுத்தின் கணக்கில் இலக்கண அறிஞர் வேறுபடலாம். அவ்வேறுபாடு தீரும் நாளில் திருத்தவேண்டிய இடமும் அப்போது ஒன்றே.