மாணிக்க நோட்டம்

திருவிளையாடற் புராணத்து மாணிக்கம் விற்ற படலம் சைவ நன்மக்கள் பலரும் ஓதியும் கேட்டும் அறிந்ததொன்று. அரசிளங்குமரனுக்கு முடி செய்தற்கு வேண்டும் மணிகள் இன்மையால் அமைச்சர்கள் இடர்ப்பட்டுழி, சோமசுந்தரக் கடவுள் வணிகர் திருவுருக் கொண்டு எழுந்தருளி நவமணிகளையும் அளித்தருளினார் என்பது அதன் வரலாறு. ஈண்டு யாம் உற்று நோக்கற்பாலது ஒன்றுண்டு. பெருமான் மணிகளைக் கொடுத்த அளவில் அமைந்திலர். அவற்றின் பிறப்பையும் இயல்பையும் எடுத்தோதினார். கொள்வோர் அறிந்தே கொள்ளல் வேண்டும் என்பது அத்திருவுளக் குறிப்பாம் என்க.

இறைவற்கு அணிகலன் சாத்த விழையும் அன்பர்களும், திருக்கோயில் திருமடம் ஆகியவற்றின் உடைமைகளைக் காக்கும் பொறுப்புடையாரும் செம்மணி கொள்ள நேருங்கால், நிறம் ஒன்றனையே கண்டு மயங்குதல் கூடும். ஆகலின் அம்மணியை நோட்டஞ் செய்யும் நெறியினைச் சித்தாந்தம் உடன்பட்ட காட்சி, கருதல், உரை என்னும் மூவகை அளவையினும் வைத்து ஆராயப் புகுகின்றாம். சிவஞான சித்தியாரின் அளவையியலைப் பயின்றார்க்கு இந்நெறி புதிதன்று. ஒரு கல்லின்கண் அதனை வைத்துக் காண்டலே புதிது.

மணியின் இயல்பு

மாணிக்கம் என்பது குருந்தக் கல்லின் ஒரு வகை. மேனாட்டார் அக்கல்லுக்கு வழங்கும் பெயரும் குருந்தம் என்னும் நம் சொல்லினின்று சென்றதே. அலுமினியமும் ஆக்சிசனும் கூடி அமைந்த இக்கல் தூய நிலையில் நிறமற்றது. நிலத்தினுள் உருவாங்காலத்துக் குரோமியம் என்னும் உலோகம் சிற்றளவிற் கலந்துழிச் செந்நிறம் எய்தும். இரும்பும் டைட்டேனியமும் கலந்துழி நீலமாம். வைரத்தின் வன்மையை 10 எனக் கொள்ளும் அளவில் இதன் வன்மை 9 ஆகும்.

பிறக்கும் நிலத்தால் இயல்பு வேறுபடும். பர்மா நாட்டு மோகோக்கில் வெண்சலவைக் கல்லிடைப் பிறப்பன இரும்பு குறைந்தன. ஆதலின் ஒளி மிக்கன. தாய்லாந்து கம்போடிய எல்லையிற் கிடைப்பன இரும்பு மிக்கன. ஆதலின் கருமை கலந்தன. ஈழத்து இரத்தினபுரிப் பகுதியிற் சரளை மண்ணை அகழ்ந்து எடுப்பன பெரும்பாலும் வெளிறிய செம்மையுடையன. மொசாம்பிக் நாட்டு மொண்டெபுவெஸ் என்னுமிடத்து 2009-ஆம் ஆண்டில் வெளிப்பட்ட பெரும் படிவு இக்காலத்துச் சந்தைக்கு மணிகளை மிகுதியும் அளித்து வருகின்றது.

காட்சி

நிறத்தைக் காணுங்கால் மூன்றினைத் தனித்தனி நோக்குக. முதலாவது சாயல்: தூய செம்மையோ, ஊதா கலந்ததோ, மஞ்சள் கலந்ததோ என்பது. இரண்டாவது ஆழம்: மிக வெளிறின் வணிகர் அதனை மாணிக்கம் என்னாது வேறு பெயரிட்டு விலை குறைப்பர், மிக ஆழ்ந்து கறுப்பின் ஒளி இறந்துபடும். மூன்றாவது செறிவு: நிறம் மங்கலின்றித் துளங்குதல். தூய செம்மையோ அதனொடு சிறிதே ஊதாச் சாயலோ உடைத்தாய், இடைப்பட்ட ஆழமும் மிக்க செறிவும் கொண்டதே தலையாயது. புறாக்குருதி நிறம் என வணிகர் சிறப்பித்துக் கூறுவது இதனையே.

இனி, காண்டற்குரிய இடமும் காலமும் அறிதல் வேண்டும். இராக்காலத்து மஞ்சள் விளக்கொளியிற் செவ்வொளி மிக்கிருத்தலின், எந்தச் செங்கல்லும் அதன்கண் அழகுற்றே தோன்றும். ஆகலின் பகலில், நேர் வெயில் படாத நல்ல வெளிச்சத்தில், வெண்டாளின் மேல் வைத்து நோக்குக. பொன்னிற் பதித்த மணியாயின் அடியிற் செந்தகடு இடப்பட்டிருத்தல் கூடும். கழற்றிக் கண்டன்றித் துணியற்க. நேர்முகமாக நோக்குங்கால் நடுவிடம் வெளிறிக் கீழுள்ள எழுத்துத் தோன்றுமாயின், பட்டை ஆழமின்றித் தீட்டப்பட்டது என்று உணர்க. அங்ஙனமாயின் உள்ள நிறமும் கண்ணுக்கு எய்தாது ஒழியும்.

அற்றேல், இங்ஙனம் ஆராய்ந்த காட்சி ஒன்றே அமையாதோ எனின், அமையாது. பிரித்தானிய மன்னரின் முடியிற் கருவேந்தன் மாணிக்கம் என்னும் பெயரால் விளங்கும் பெருமணி ஒன்றுண்டு. அது 1367-இல் ஆங்கில இளவரசனுக்குக் கிடைத்ததாகக் கூறப்படுவது. ஏறத்தாழ 170 காரட் நிறையுடையது. நெடுங்காலம் மாணிக்கம் என்றே மதிக்கப்பெற்ற அது, உண்மையில் ஸ்பினல் என்னும் வேறொரு கல். அரசர்களும் அவர்தம் பொற்கொல்லரும் கண்ணாரக் கண்டும் அறியமாட்டாராயினர். ஒன்றனைப் பிறிதொன்றாகக் காணும் இதனையே நம் நூலோர் திரிவுக்காட்சி என்ப. பாலில் இட்டாற் பால் சிவக்கும் என்னும் வழக்குச் சோதனையும் இத்தகையதே. செந்நிறக் கண்ணாடியும் அத்தோற்றத்தைத் தரும்.

கருதல்

காட்சியில் எழுந்த ஐயத்தை ஏதுக்களால் அறுப்பது கருதல். முதல் ஏது நிறை. மாணிக்கம் ஒத்த அளவுடைய நீரினும் 4 மடங்கு கனமுடையது, ஸ்பினல் 3.6 மடங்கே. ஆகவே 4 காரட் மாணிக்கத்தை நீரில் அமிழ்த்தி நிறுப்பின் 1 காரட் குறையும். 4 காரட் ஸ்பினலோ 1.11 காரட் குறையும். ஆயினும் செந்நிறக் கல்லாகிய கார்னெட்டிற் சில வகை மாணிக்கத்தோடு ஒத்த கனம் உடையன. ஆதலின் இவ்வேது ஒன்றே கொண்டு முடிவு கூறலாகாது. இரண்டாம் ஏது இருநிறமுடைமை. அதற்கென அமைந்த சிறு கருவியில் நோக்கின், மாணிக்கம் ஒருபால் ஊதாச் செம்மையும் ஒருபால் மஞ்சட் செம்மையும் காட்டும். ஸ்பினலும் கார்னெட்டும் கண்ணாடியும் ஒரே நிறம் காட்டும்.

மூன்றாம் ஏது அகக் குறிகள். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடியில் நோக்குங்கால், பட்டிழை போலும் நுண்ணூசிகள் ஒழுங்குறக் குறுக்கிட்டுத் தோன்றின் அவை நிலத்திற் பிறந்தமைக்குச் சான்றாம். வளைந்த வரிகளும் காற்றுக் குமிழிகளும் தோன்றின், வெர்னேய் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1902-இல் வெளியிட்ட முறையால் உலையிற் செய்தது என்று துணிக. அவ்வுலைமணி பொருளாலும் வன்மையாலும் நிறத்தாலும் மாணிக்கமே. பிறப்பால் மட்டும் வேறு. விலையோ மிகச் சிறிது. குற்றமே இல்லாத பெருமணி குறைந்த விலைக்கு வருமாயின் மகிழாது ஐயுறுக.

உரை

இவ்விரண்டானும் துணிதற்கரியது ஒன்றுண்டு. அது மணி பெற்ற செய்கை. இக்காலத்துச் சந்தையில் உள்ள மாணிக்கங்களிற் பெரும்பாலன தீயிற் காய்ச்சப்பட்டனவே. பர்மாவின் மொங்ஷு மணிகளின் நடுவே நீலச்சாயல் நிற்கும். காய்ச்சுங்கால் அது நீங்கச் செம்மை விளங்கும். இது வணிகர் வெளிப்படக் கூறிவிற்பின் குற்றமன்று. 2004-ஆம் ஆண்டளவிற் பரவிய மற்றொரு செய்கையோ வேறு. பிளவுபட்ட இழிந்த கற்களில் ஈயங் கலந்த கண்ணாடியை உருக்கிப் புகுத்தித் தெளிவு உண்டாக்குவர். அத்தகைய கல், எலுமிச்சஞ்சாறு போலும் மெல்லிய புளிப்பினாலும் பொற்கொல்லன் ஊதும் தீயினாலும் சிதைவுறும். திருவாபரணங்களைப் புளிப்பிட்டு விளக்கும் வழக்கமுடையார் இதனை நன்கு கருதுக. அன்பர் உவந்தளித்த மணி ஓராண்டிற் பொலிவிழப்பின் வருந்துவோர் பலராவர்.

இதனை அறிதற்கு ஆய்வுக்கூடத்தாரின் உரை வேண்டும். அவ்வுரை எவருடையது? விற்பவனால் இலாபம் பெறாதவனும், பொருளை உள்ளவாறு அறிந்தவனும், அறிந்தவாறு கூறுபவனும் ஆகிய ஒருவனதே உரையளவையாம். விற்பவன் கூற்று அத்தகையதன்று; அவன் நல்லோனாயினும் ஆய்ந்தவன் பிறனாதல் வேண்டும்.

விலை

இங்ஙனம் பொருள் துணிந்த பின்னரே விலை பேசற்குரியது. நிறம் முதலாவது, செய்கையின்மை, தெளிவு, பட்டை, நிறை, பிறந்த நிலம் என்பன அடுத்து வருவன. நிறை மட்டும் விலையாகாது என்பதற்கு இரு நிகழ்ச்சிகள் காட்டுவாம். 2015-இல் ஜெனீவா நகரில் 25.59 காரட் பர்மா மாணிக்கம் ஏலத்தில் 3 கோடி டாலருக்கு மேற் சென்றது. 2023-இல் நியூயார்க் நகரில் 55.22 காரட் மொசாம்பிக் மாணிக்கம் 3 கோடியே 48 இலட்சம் டாலர் பெற்றது. நிறை இருமடங்கின் மேலாகியும், காரட் ஒன்றுக்கு வந்த விலை ஏறக்குறையப் பாதியே.

மெய்ப்பொருள் நோட்டம்

மேற்கூறியவற்றால் நிறம் மூவகைத்து என்பது போதரும். தகட்டாலும் விளக்காலும் தோன்றுவது சார்பினால் வந்த நிறம். கண்ணாடி புகுத்தலால் வந்தது வந்தேறிய நிறம். குரோமியத்தால் ஆயது உடன்பிறந்த நிறம். உயிர் சார்ந்ததன் வண்ணமாதலைப் படிகத்தின்மேல் வைத்துக் காட்டும் நம் நூல்கள், ஆணவத்தைச் சகசம் என்றும் மாயை கன்மங்களை ஆகந்துகம் என்றும் வேறுபடுத்தியதன் நுட்பம் இங்கே கண்ணெதிர் விளங்கும். ஒரு குற்றத்தைச் சார்பெனத் துணிந்தார் சார்பு மாற்றிய அளவில் தூயராயினோம் என்று அமைவர்; உடன்பிறந்ததென அறிந்தாரோ அருளையன்றிப் பிறிதொன்றால் அதன் வலி கெடாதென்று தெளிவர். நிறத்தின் தோற்றுவாயைப் பிழைபடத் துணிதலால் மணிநோட்டத்தில் இழப்பது பொன். மெய்ப்பொருள் நோட்டத்தில் இழப்பது பிறவிப்பயன்.

மணியின் செம்மை குணம், ஆணவமோ குற்றம் ஆதலின் உவமை பொருந்தாதே எனின், உவமை ஒருபுடை ஒப்புமையே நோக்கிற்று; உடன்பிறத்தல் என்னும் ஒன்றே ஈண்டு ஒப்பு.

இன்னும் ஒன்று. இரும்பு குறைந்த மோகோக் மணி, தன்மேல் விழும் ஞாயிற்றொளியை ஏற்றுத் தானும் செவ்வொளி உமிழும். இரும்பு மிக்க மணியில் அவ்வியல்பு அடங்கிவிடும். ஞாயிறு இரண்டன்மேலும் ஒருபடித்தாகவே ஒளி வீசுகின்றது. ஒன்று ஒளிர்தலும் ஒன்று இருள்தலும் அவ்வொளியின் குறைவால் ஆயின அல்ல. ஏற்கும் மணியின் நிலையால் ஆயின. திருவருள் எவ்வுயிர்க்கும் ஒத்து நிற்ப, மலபரிபாக வேறுபாட்டால் விளக்கம் வேறுபடும் என்னும் உண்மைக்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா. ஒளியின்றித் தானே ஒளிரும் மாணிக்கம் உலகில் இல்லை. அருளின்றித் தானே அறியும் உயிரும் இல்லை. செம்மணி கொள்வோர் கல்லை ஆய்ந்து கொள்க. கொண்ட பின் அதனொளியிற் பெருமான் அருளையும் உணர்க.

திருச்சிற்றம்பலம்.