நிலமில்லாத பண்ணை: மதுரைப் பக்கத்துக் கிடை மாடுகள்

மாட்டுப் பண்ணை என்றால் கொட்டகை, தீவனத் தொட்டி, கம்பி வேலி ஆகியவைதான் நம் நினைவுக்கு வரும். இவை எதுவும் இல்லாமல் தாத்தா, தந்தை, மகன் என்று தொடர்ந்து நடந்து வரும் பண்ணைகள் மதுரை, சிவகங்கை, தேனி, விருதுநகர் மாவட்டங்களில் உண்டு. அவையே கிடை மாட்டு மந்தைகள். நூறு, இருநூறு மாடுகள் ஒரே குடும்பத்துக்குச் சொந்தமாக இருக்கும். அவற்றை நிறுத்தச் சொந்த நிலம் பெரும்பாலும் இராது. அறுவடை முடிந்த வயலும், கண்மாய்க் கரையும், மலையடிவாரமுமே இப்பண்ணையின் நிலம்.

புலிக்குளம் இனம்

இம்மந்தைகளில் இருப்பவை பெரும்பாலும் புலிக்குளம் இன மாடுகள். சிவகங்கை மாவட்டத்தில் உள்ள ஓர் ஊரின் பெயரால் வந்த இனம் இது. கிழக்கத்தி மாடு, மணி மாடு, பளிங்கு மாடு, ஜல்லிக்கட்டு மாடு என்றும் அழைப்பார்கள். சிறிய உருவம், இறுகிய உடற்கட்டு. பசுக்கள் வெள்ளை அல்லது சாம்பல் நிறமாகவும், காளைகள் கருஞ்சாம்பல் நிறமாகவும் இருக்கும். கர்னாலில் உள்ள தேசியக் கால்நடை மரபுவளப் பணியகம் 2012-இல் இதைத் தனி இனமாகப் பதிவு செய்தது. இதற்கென மானாமதுரையில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் உள்ளது.

பசு கறக்கும் பால் குறைவு. அதுவும் கன்றுக்கே விடப்படுகிறது. பிறகு வருமானம் எங்கிருந்து வருகிறது? உழவுக்கும் வண்டிக்கும் ஜல்லிக்கட்டுக்கும் விற்ற காளைக் கன்றுகள் ஒரு வழி. வயலில் கிடை போட்டுக் கிடைத்த கூலி மற்றொரு வழி. முன்பு நெல்லாகக் கிடைத்த கூலி, இப்போது பெரும்பாலும் பணமாகக் கிடைக்கிறது.

ஆண்டுச் சுற்று

1895-இல் பெரியாறு அணையின் தண்ணீர் வைகைக்கு வந்தபின் மதுரை, மேலூர் பக்கத்தில் நெல் சாகுபடி பெருகியது. தை, மாசியில் அறுவடை முடிந்ததும் மந்தைகள் வயலில் இறங்கும். பகலில் தாளை மேய்ந்து, இரவில் பேசிய வயலில் அடையும். மறு சாகுபடி தொடங்கி வயல்கள் மூடிக்கொண்டால், மந்தைகள் மானாவாரிக் காடுகளுக்கும் வருசநாடு, மேகமலை அடிவாரங்களுக்கும் போகும். வயலும் மலையும் மாறி மாறிக் கிடைத்ததால்தான் தீவனம் வாங்காமலேயே இப்பண்ணை தலைமுறைகளைத் தாண்டியது.

கிடையின் உரக் கணக்கு

ஒரு மாடு இரவில் 4 கிலோ சாணமும் 2 லிட்டர் கோமியமும் இடுவதாகத் தோராயமாக வைத்துக்கொள்வோம். 100 மாடுகள் 10 இரவு அடைந்தால் 4 டன் சாணம், 2,000 லிட்டர் கோமியம். சாணத்தில் ஏறத்தாழ 0.4 சதமும், கோமியத்தில் ஏறத்தாழ 1 சதமும் தழைச்சத்து உண்டு. அதாவது சாணத்தில் 16 கிலோ, கோமியத்தில் 20 கிலோ. கொட்டகையில் கோமியம் பெரும்பாலும் சாக்கடைக்குப் போகிறது. கிடையிலோ அது நேராக மண்ணில் இறங்குகிறது. கிடையின் சிறப்பு இதுவே.

கிடை போடும் விவசாயிகள் கவனிக்க வேண்டியவை:

1. ஒரு ஏக்கரைப் பத்து செண்டு வீதம் பத்துப் பகுதியாகப் பிரித்து, இரவுக்கு ஒரு பகுதியாக மந்தையை மாற்றி நிறுத்தவும். ஒரே இடத்தில் விட்டால் அங்கு மட்டும் பயிர் கொழுத்துச் சாயும்.

2. கிடை நகர்ந்ததும் தாமதமின்றி மேலாக உழவும். வெயிலில் விட்டால் தழைச்சத்து ஆவியாகி வீணாகும்.

3. மாடுகள் தின்ற சீமைக் கருவேல் நெற்று சாணத்தோடு வந்து முளைக்கும். முதல் மழைக்குப் பின் கன்றுகளை வேரோடு பிடுங்கவும்.

4. மந்தைக்குக் கோமாரித் தடுப்பூசி போடப்பட்டுள்ளதா என்று கேட்டறியவும்.

பண்ணை ஏன் தளர்ந்தது?

டிராக்டர் வந்ததும் உழவு மாட்டுக்குத் தேவை குறைந்தது. மூட்டை உரம் வந்ததும் கிடைக்கு அழைப்பு குறைந்தது. நகரைச் சுற்றிய வயல்கள் வீட்டுமனைகளாயின. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தபோது காளைக் கன்று வாங்குவோரும் குறைந்தனர். 2017-இல் மாநிலச் சட்டத் திருத்தம் வந்தது. அது செல்லும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. கன்றுக்கு மதிப்பு திரும்பியது. மேய்ச்சல் நிலம் திரும்பவில்லை. 2021-இல் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. சரணாலயங்களிலும் புலிகள் காப்பகங்களிலும் கால்நடை மேய்ச்சலுக்கு 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. காட்டு விலங்குகளைக் காப்பதும் அவசியமே. ஆயினும் சுற்றின் ஒரு பாதி அடைபட்டால் மறு பாதி மட்டும் மந்தையைத் தாங்காது.

குடும்ப வரலாறு ஏட்டில் ஏற வேண்டும்

2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மேய்ச்சல் உரிமையையும் ஏற்கிறது. ஆனால் பழங்குடியினர் அல்லாதோர், 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டைச் சார்ந்து வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். மந்தைக்குப் பட்டா இல்லை. பரம்பரை முழுவதும் பெரியவர்களின் நினைவில்தான் இருக்கிறது. விண்ணப்பதாரர் அல்லாத முதியோரின் வாக்குமூலத்தை எழுதி வாங்கினால் அதையும் சான்றாக இச்சட்டத்தின் விதிகள் ஏற்கின்றன. ஆகவே பழைய மேய்ச்சல் ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். எந்த மாதம் எந்த வழியில் எங்கு மேய்த்தோம் என்பதை முதியோர் இருக்கும்போதே எழுதி, கிராம சபையில் மனுக் கொடுங்கள்.

அதே நோட்டில் மந்தைக் கணக்கையும் எழுதலாம். கிடைக்காரர் ஒவ்வொரு கன்றின் தாயையும் அறிவார். தந்தை எது என்பதே பல சமயம் குழப்பம். பொலிகாளை தன் கிடேரிகளோடு சேராதபடி மூன்றாண்டுக்கு ஒருமுறை வேறு மந்தைக் காளையை மாற்றுவது நல்லது.

உலகெங்கும் இத்தகைய மேய்ச்சல் குடும்பங்கள் இருப்பதால், 2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான ஆண்டாக ஐ.நா. சபை அறிவித்தது. நம் பக்கத்தில் செய்யக்கூடியது எளிது. அடுத்த அறுவடைக்கு முன்பே நாலைந்து விவசாயிகள் சேர்ந்து ஒரு கிடைக்காரரிடம் தேதி பேசிக்கொள்ளுங்கள். மண்ணுக்கு உரம் சேரும். மந்தைக்கும் கோடையில் ஓரிடம் உறுதியாகும்.