மீன் எண்ணெய் மாத்திரை எந்த எண்ணைத் தொடுகிறது?

அன்புள்ள தம்பி,

"சுகருக்கு நல்லதாமே, இதைப் போடலாமா டாக்டர்?" என்று மீன் எண்ணெய் மாத்திரை டப்பாவை நீட்டிய அம்மாவிடம், "போடுங்க, கெடுதல் இல்ல" என்று சொல்லி அனுப்பியதாக எழுதியிருந்தாய். அந்தப் பதிலில் எனக்குத் திருப்தி இல்லை. சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் என்று பல எண்களைச் சுமந்துகொண்டு வருபவர் அவர். இந்த மாத்திரை அவற்றில் எதைத் தொடும், எதைத் தொடாது என்று அவருக்குச் சொல்ல வேண்டியது நம் வேலை.

மீன் எண்ணெயின் புகழ் இதயத்தை வைத்துத்தான் தொடங்கியது. 1970களில் பாங், டயர்பெர்க் என்ற டேனிஷ் மருத்துவர்கள் கிரீன்லாந்தின் இனுயிட் மக்களுடைய ரத்தக் கொழுப்பை ஆராய்ந்தார்கள். சர்க்கரைப் பேச்சு பிறகு வந்தது. 1987-ல் ஆஸ்திரேலியாவில் ஸ்டோர்லியன் குழுவினர், கொழுப்புத் தீனி தின்ற எலிகளுக்கு இன்சுலின் எதிர்ப்பு வராமல் மீன் எண்ணெய் தடுத்ததாகக் காட்டினார்கள். மறு ஆண்டே, ஆறு நோயாளிகளுக்கு அதிக அளவில் கொடுத்துப் பார்த்த இன்னொரு ஆய்வில் வெறும் வயிற்றுச் சர்க்கரை ஏறியது. ஒரு பக்கம் எலியை நம்பினார்கள், மறுபக்கம் ஆறு பேரைப் பார்த்துப் பயந்தார்கள்.

2008-ல் வந்த காக்ரேன் தொகுப்பு இரண்டையும் அடக்கியது. 23 ஆய்வுகள், 1,075 பேர், மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு சராசரியாக நாளுக்கு 3.5 கிராம். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அசையவில்லை, வெறும் வயிற்றுச் சர்க்கரையும் அப்படியே. இறங்கியது டிரைகிளிசரைடு. கல்லீரல் அதை ரத்தத்துக்குள் அனுப்பும் வேகத்தை ஒமேகா-3 குறைக்கிறது. எல்டிஎல் மட்டும் சற்று ஏறியது. 2019-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 83 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்களும் சர்க்கரைக் கட்டுப்பாட்டில் சொல்லும்படியான மாற்றத்தைக் காணவில்லை.

அப்படியானால் இதயத்துக்காவது உதவுமா? பிரிட்டனில் நடந்த அசெண்ட் ஆய்வில், இதய நோய் இல்லாத 15,480 சர்க்கரை நோயாளிகளில் பாதிப் பேருக்குத் தினமும் ஒரு கிராம் மீன் எண்ணெய், மீதிப் பேருக்கு ஆலிவ் எண்ணெய். சராசரி 7.4 ஆண்டுகள் கழித்து, பெரிய இதய-ரத்தநாளப் பாதிப்பு ஒரு பக்கம் 8.9 சதவீதம், மறுபக்கம் 9.2. புள்ளியியல்படி இது வித்தியாசமே இல்லை.

இனி டப்பாவைத் திருப்பு. முன்பக்கம் 1,000 மில்லிகிராம் என்று பெரிதாக இருக்கும். சாதாரண மாத்திரையில் இபிஏ 180, டிஹெச்ஏ 120, ஆக 300 மில்லிகிராம்தான் ஒமேகா-3. காக்ரேன் ஆய்வுகளின் சராசரி அளவை எட்ட நாளுக்குப் பன்னிரண்டு மாத்திரை விழுங்க வேண்டும்! அதுவே காட் மீன் ஈரல் எண்ணெயாக இருந்தால், கூட வரும் வைட்டமின் ஏ-யையும் கணக்கில் வை. கருவுற்ற பெண்ணுக்கு அது மிகுந்தால் ஆபத்து. டிரைகிளிசரைடு 500-ஐத் தாண்டியவருக்குக் கணையம் காக்க அதிக அளவு ஒமேகா-3 கொடுப்பதுண்டு. அது மருத்துவர் எழுதிக்கொடுத்துக் கண்காணிக்க வேண்டிய விஷயம். அந்த அளவில் இதயத் துடிப்பு தாறுமாறாகும் வாய்ப்பும் கூடுகிறது.

என் பெரிய கவலை வேறு. மீன் மாத்திரை வாங்கியவர்களில் சிலர், "அதான் இது போடுறேனே" என்று மெட்ஃபார்மினைச் சத்தமில்லாமல் குறைத்துவிடுகிறார்கள். கடிந்துகொண்டால் அடுத்த முறை டப்பாவை மறைத்துவிடுவார்கள். "இதை ஆரம்பிச்ச பிறகு எந்த மாத்திரையை விட்டீங்க?" என்று சாதாரணமாகக் கேள். மீன் சாப்பிடுபவரானால் மாத்திரைக்குச் செலவழிக்கும் காசுக்கு மத்தியோ அயிலையோ வாங்கிக் குழம்பு வைக்கச் சொல். அப்போதும் சர்க்கரை இறங்கும் என்று வாக்குக் கொடுக்காதே.

அந்த அம்மாவுக்கு எச்பிஏ1சியோடு கொழுப்புப் பரிசோதனையும் எழுது. டிரைகிளிசரைடு எவ்வளவு என்று தெரிந்ததும் எனக்கும் சொல்.

அன்புடன்,
அண்ணன்