ஒருவரையே நம்பி நிற்கும் தொழில்

நாற்பது தறிகளுக்கு நூல் கொடுத்து லுங்கி நெய்விக்கும் முதலாளி ஒருவர் காய்ச்சலாய்ப் பத்து நாள் படுத்துவிட்டால் என்ன நேருமென்பதை நம் அங்கத்தினர்களிற் பலர் கண்டிருப்பர். முதல் இரண்டு நாள் வேலை நடக்கும். பிறகு, பாவு தீர்ந்த தறிக்கு எத்தனை சிட்டம் நூல் கொடுப்பதென்று குமாஸ்தாவுக்குத் தெரியாது. சென்ற மாதம் வந்த பச்சை நிறம் எப்படி வந்ததென்பதை ஒருவரும் அறியார். வாரக் கடைசியில் பாங்கியிற் பணமிருந்தும் காசோலையிற் கையெழுத்திட ஆளிராது. நோய் ஒருவருக்கு, கூலியின்றி வீடு திரும்புவோர் நாற்பது குடும்பத்தார்.

இந்நிலையை முதலாளியின் திறமைக்குச் சான்றாகக் கூறிப் பெருமைப்படுவாரும் உண்டு. அத்திறமையைப் பிறர் கைக்கும் எட்டச் செய்யும் வழியை இங்கே ஆராய்வோம்.

நூற்கணக்கு எளிது. ஒரு சிட்டம் 840 கஜம். 40-ஆம் நம்பர் நூலில் 40 சிட்டம் ஒரு பவுண்டு. அங்குலத்துக்கு 60 இழை வீதம் 48 அங்குல அகலத்துக்கு 2,880 இழைகள் வேண்டும். பாவின் நீளம் 60 கஜமானால் மொத்தம் 1,72,800 கஜம். அதை 840-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 206 சிட்டம். எடையில் 2 கிலோ 330 கிராமுக்குச் சற்று மேல். இதனுடன் கழிவுக்காகத் தம் பட்டறையின் அனுபவப்படி ஒரு பங்கு சேர்க்க வேண்டும். முதலாளி இதையெல்லாம் பழக்கத்தால் மனக்கணக்காகவே போட்டுவிடுகிறார். ரகந்தோறும் ஒரு முறை கணக்கிட்டு அட்டையில் எழுதி நூலறையில் மாட்டிவிட்டால் குமாஸ்தாவே நூல் நிறுத்துக் கொடுக்கலாம்.

சாயத்தின் சங்கதி வேறு. வாட் சாயம் நீரிற் கரையாது. காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோஸும் சேர்ந்தே அதைக் கரைக்கின்றன. நூலை வெளியே எடுத்துக் காற்றாட விட்ட பிறகே உரிய நிறம் மீளும். சூடோ நேரமோ மாறினால் நிறமும் மாறும். ஆதலால் ‘ஒரு கைப்பிடி’ என்ற அளவு உதவாது. 5 கிலோ நூலுக்கு நூற்றுக்கு 2 வீதம் சாயமென்றால் 100 கிராம். நூலின் எடையைப் போல் 20 மடங்கு நீரென்றால் 100 லிட்டர். இவ்விதமே மற்றச் சரக்குகளின் எடை, சூடு, நேரம், சாயம் செய்தவர் பெயர் ஆகியவற்றையும் எழுதி, அப்பக்கத்திலேயே தோய்த்த நூலில் ஒரு துண்டை ஒட்டி வைக்க வேண்டும்.

சாயமிடுவோர் குறிப்பைக் கொடுக்கத் தயங்குவர். அவர்களுடைய பிழைப்பே அதில் அடங்கியிருப்பதால் அத்தயக்கத்தைக் குற்றமென்று சொல்வதற்கில்லை. குறிப்பைக் கொடுத்த பின்னும் வேலை நிலைக்குமென்று முதலில் எழுத்தில் உறுதி தந்துவிட்டுக் கேட்பதே நியாயம்.

நம்பகமான ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பதாகச் சிலர் நிம்மதியாயிருப்பர். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, பொதுவாக, கொடுத்தவர் இறந்தாலும் புத்தி ஸ்வாதீனம் இழந்தாலும் அவ்வதிகாரம் முடிந்துவிடும். மிக வேண்டிய வேளையில் அது உதவாது. கூட்டு வியாபாரமும், வேறு உடன்பாடு இல்லாவிடில், 1932-ஆம் ஆண்டின் சட்டப்படி ஒரு பங்காளியின் மரணத்தோடு கலைந்துவிடும். மூவரோ மேற்பட்டவரோ பங்காளிகளாயிருப்பின், எஞ்சியோர் தொடர்ந்து நடத்தலாமென்ற ஷரத்தைப் பத்திரத்திற் சேர்ப்பது அவசியம்.

1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவான நம் சங்கங்களுக்கு இந்த அபாயமில்லை. அங்கத்தினர் மாறினாலும் சங்கம் நிலைக்கும். ஆயினும் சட்டத்தில் நிலைத்திருக்கும் சங்கம், நடைமுறையில் ஒரு காரியதரிசியின் சாவிக்கொத்தையே நம்பியிருப்பதும் உண்டு. மேற்சொன்ன அட்டையும் சாயக் குறிப்பும் அங்கேயும் வேண்டும்.

இவை தயாரானதும் முதலாளி மூன்று நாள் ஊரை விட்டுப் போய்ப் பார்க்கட்டும். இத்தனை ரூபாய் வரை குமாஸ்தாவே தீர்மானிக்கலாமென்று முன்னரே வரையறுத்துவிட வேண்டும். விடை தெரியாது நின்ற கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லி, திரும்பியதும் அவற்றுக்கு எழுத்திலேயே விடையளிக்க வேண்டும். அடுத்த முறை ஒரு வாரம் போகலாம்.

கடனுக்குச் சரக்குக் கொடுக்கும் பொறுப்பை மட்டும் கடைசியாக மாற்றுவது நன்று. எந்த வியாபாரி தவணை தவறுவாரென்பது பேரேட்டில் பாதிதான் தெரியும். அடுத்துப் பொறுப்பேற்கவிருப்பவரை ஓராண்டேனும் வசூலுக்கு உடன் அழைத்துச் சென்று, கடைக்காரர்களுக்கு அவர் முகமும் பழகும்படி செய்ய வேண்டும்.