எந்தச் சமையல் நூல் நமக்கு உதவும்?

பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் வீடுகளில் வாரநாள் மாலை பரபரப்பானது. சமைக்க நேரமில்லாதபோது உணவங்காடி நிலையத்தில் வாங்கி உண்கிறோம். ஆயினும், உணவில் எவ்வளவு உப்பும் எண்ணெயும் சேர வேண்டும் என்பதை நாமே முடிவுசெய்ய வீட்டுச் சமையலே வழி. அதற்கு நல்ல சமையல் நூல் துணைபுரியும். அதனை எவ்வாறு தேர்ந்தெடுப்பது?

முன்பு பலர் தாயின் அருகில் நின்று சமையலைக் கற்றனர். அவ்வாய்ப்பு இல்லாதவர்களுக்கு எழுத்து தேவைப்பட்டது. தமிழகத்தில் எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951இல் வெளிவந்தது. சிங்கப்பூரில் திருமதி லீ சின் கூன், பெரனாக்கான் உணவு வகைகளைக் கொண்ட சமையல் நூலை 1974இல் வெளியிட்டார். சொல்லித்தர ஆளில்லாதபோதும் நூலைப் பார்த்துச் சமைக்க முடிய வேண்டும். ஒரு சமையல் நூலை மதிப்பிட இதுவே முதல் அளவுகோல்.

ஆகவே, நூலிலுள்ள படங்களில் மயங்காமல் ஏதேனும் ஒரு செய்முறையை முழுமையாகப் படியுங்கள். முதலில் அளவைக் கவனியுங்கள். உப்புக்குத் ‘தேவையான அளவு’ என்று எழுதியிருந்தால் சமாளித்துவிடலாம். மாவுக்கும் தண்ணீருக்கும் அப்படி எழுதியிருந்தால் புதியவர் திணறுவார். ‘நன்கு வதக்கவும்’ என்பதைவிட ‘வெங்காயம் பொன்னிறமாகும்வரை வதக்கவும்’ என்பதே தெளிவான குறிப்பு.

அடுத்தது நேரம். ‘30 நிமிடத்தில் சுண்டல்’ என்று தலைப்பு கூறலாம். ஆனால், பொருள்களின் பட்டியலில் ‘ஊறவைத்த கொண்டைக்கடலை’ என்று இருந்தால், முதல்நாள் இரவே வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும். உரிப்பதற்கும் நறுக்குவதற்கும் ஆகும் நேரத்தையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

மூன்றாவது, பொருள்கள். பெரும்பாலானவை நம் வீட்டிலோ அருகிலுள்ள சந்தையிலோ கிடைக்க வேண்டும். ஒரே ஓர் உணவுக்காக வாங்கும் மசாலாப்பொடி, அலமாரியில் கிடந்து மணத்தை இழந்துவிடும். வீட்டில் ஓவன் இல்லையெனில், அதை நம்பியிருக்கும் நூலால் பயனில்லை.

இம்மூன்றும் சரியாக அமைந்தாலும், நாள்தோறும் சமைக்கும் ஊக்கத்தைத் தருவது வேறொன்று. சிறந்த நூல், ‘செய்’ என்று கூறுவதோடு நிற்காமல் காரணத்தையும் விளக்கும். குழம்பில் தயிரைச் சேர்க்குமுன் தீயைக் குறைக்காவிட்டால் தயிர் திரிந்துவிடும் என்று அறிந்தவர், அதை மறக்கமாட்டார். வெங்காயத்தையும் தக்காளியையும் வதக்கிச் செய்யும் ஒரே மசாலாவில் இன்று முட்டை, நாளை மீன், மறுநாள் கொண்டைக்கடலை எனச் சமைக்கலாம் என்று காட்டும் நூல், புதிதாக முயன்று பார்க்கும் துணிவைத் தரும்.

உடனே பணம் செலவழிக்க வேண்டியதில்லை. நூலகத்தில் 641.5 என்னும் எண்ணுள்ள அடுக்குகளில் சமையல் நூல்களைக் காணலாம். ஒன்றை இரவல் பெற்று, அதிலுள்ள மூன்று உணவுகளையாவது பெரியவர்களின் துணையுடன் சமைத்துப் பாருங்கள். திருப்பித் தரும் நாளில் ‘இன்னும் சில நாள் இருக்கட்டும்’ என்று வீட்டார் கூறினால், அதுவே வாங்கத் தகுந்த நூல்.

சிந்தித்து விடையளி

1. செய்முறையின் தலைப்பில் குறிப்பிடப்படும் நேரத்தை ஏன் அப்படியே ஏற்கக்கூடாது?
2. காரணத்தை விளக்கும் நூல் சமைப்பவருக்கு எவ்வாறு ஊக்கமளிக்கிறது?
3. உன் குடும்பத்தினர் செய்யும் ஓர் உணவின் செய்முறையை, அதனை அறியாதவருக்கும் புரியும்படி எழுதுக.