பெய்ரூட் நகரத்து ஆர்மீனியரும் அவர்தம் உணவும்

சென்னை ஜார்ஜ் டவுனிலுள்ள ஆர்மீனியன் தெருவை அறியாதார் நம்முள் சிலரே. 1772-ஆம் ஆண்டிற் கட்டப்பெற்ற ஆர்மீனியர் தேவாலயம் அங்கு இன்றும் நிற்கின்றது. உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையாகிய ‘அஸ்தரார்’ 1794-ஆம் ஆண்டிற் சென்னையிலேயே அச்சேறிற்று. இவ்வார்மீனியர் வாணிகங் கருதி வந்தோர். வாழ்விடம் பறிபோனமையால் வேற்றூர் புகுந்த ஆர்மீனியரும் உளர். அவருள் லெபனான் நாட்டுத் தலைநகராகிய பெய்ரூட்டை அடைந்தோரைப் பற்றி யாம் கற்றவற்றுட் சில ஈண்டுக் கூறுவாம்.

1915-ஆம் ஆண்டு முதல் உதுமானியப் பேரரசில் ஆர்மீனியர் பெருங்கொலைக்கும் நாடுகடத்தலுக்கும் ஆளாயினர். எஞ்சியோருட் பலர் பெய்ரூட்டை அடைந்து, துறைமுகத்தின் பக்கத்தே குடிசைகளில் ஒடுங்கி வாழ்ந்தனர். பின்னர் ஆற்றின் கீழ்க்கரையில் நிலம் பெற்று வீடு கட்டினர். அவ்விடமே பூர்ஜ் ஹம்மூது. அங்குள்ள பகுதிகளுக்கு நோர் மராஷ், நோர் அதானா, நோர் சீஸ் எனப் பெயரிட்டனர். ‘நோர்’ என்னும் ஆர்மீனியச் சொல்லுக்குப் ‘புதிய’ என்பது பொருள். மராஷ் முதலியன சிலிசியாவில் அவர் இழந்த ஊர்கள். நம் நாட்டிலும் புதூர்கள் பலவுள. ஆயின் நம் புதூரான் விரும்பின் பழவூர்க்குச் சென்று மீளலாம். அவர்க்கு அஃது இயலாதாயிற்று.

ஊர்ப்பெயரோடு அவர் கொணர்ந்த மற்றொன்று சமையல் முறை. மாட்டிறைச்சியை உப்பிட்டு, பாரமேற்றி நீர் வடித்து, காற்றில் உலர்த்துவர். பின் வெந்தயப்பொடி, பூண்டு, சிவப்பு மிளகாய் ஆகியவற்றைக் குழைத்த ‘சமன்’ என்னும் பூச்சைத் தடவி மீண்டும் உலர்த்துவர். இதுவே பாஸ்துர்மா; மெல்லிய சீவலாக அரிந்து உண்பர். கொத்திறைச்சியை மெல்லிய மாவின்மேற் பரப்பிச் சுடுவது லஹ்மாஜூன். சிறு படகுபோல் மாவை மடித்து இறைச்சி பொதிந்து சுட்டுத் தயிரோடு உண்பது மாந்தே.

மொழி பயிலும் எமக்கு ஈண்டு ஓர் ஐயம் எழுந்தது. பாஸ்துர்மா என்பது துருக்கிச் சொல்வழி வந்தது. லஹ்மாஜூன் அரபுச் சொல். வந்த மக்களுள்ளும் பலர் துருக்கி மொழியே பேசினர். மொழியே ஓர் இனத்தின் உயிர் எனக் கருதியிருந்த யாம், இவரை எங்ஙனம் ஆர்மீனியர் என்பது எனத் திகைத்தோம். ஆராய்ந்தபோது, தாய்மொழி நாவினின்று நீங்கிய வீட்டிலும் தாயின் கைப்பக்குவம் நீங்காதிருந்தமை கண்டோம். எனினும் அவர் அதனோடு அமைந்துவிடவில்லை. தேவாலயங்களை அடுத்துப் பள்ளிகள் நிறுவித் தம் மக்கட்கு ஆர்மீனியம் கற்பித்தனர். துருக்கி பேசிய பெற்றோரின் பிள்ளைகள் ஆர்மீனியம் பேசினர். உணவு இன்னார் என்பதை நினைவூட்டிற்று. அந்நினைவிற்குச் சொல் தந்தது மொழி.

1975 முதல் 1990 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போரினாற் பலர் பிற நாடுகட்குப் பெயர்ந்தனர். 2020 ஆகஸ்டு 4-இல் துறைமுகத்தில் நேர்ந்த வெடிப்பும் பூர்ஜ் ஹம்மூதைச் சிதைத்தது. ஆயினும் அங்குள்ள கடைகளில் வெந்தயமும் பூண்டும் இன்றும் மணக்கின்றன.

நண்பர்காள்! ஏடுகளை மட்டும் புரட்டி ஒரு மக்களை அறிந்தோம் என எண்ணியிருந்தோம். அடுக்களையும் ஓர் ஏடே என்பதை இவ்வாராய்ச்சியால் உணர்ந்தோம். விடுமுறையில் இல்லம் செல்லும்போது, நம் பாட்டியரிடத்தும் அவ்வேட்டைச் சிறிது பயில்வோமாக.