சாயத் தொட்டியின் உப்பும் கடைமடை வயலும்

நூலுக்குச் சாயமிடும் தொழிலைச் சங்கத்தின் பொறுப்பில் நடத்த விரும்பும் அங்கத்தினர்கள், சாயத்தின் விலை, நூலின் தரம், கூலி ஆகிய மூன்றையும் கணக்கிட்டுத் திட்டம் தயாரிப்பது வழக்கம். தொட்டியிலிருந்து வெளியேறும் ஜலம் எங்கே போகிறது என்பது அக்கணக்கில் இடம் பெறுவதில்லை. காரைக்கால் பகுதியில் இது சிறு பிழையன்று. காவிரியின் கிளைகளாகிய அரசலாறும் திருமலைராஜனாறும் கடலைச் சேரும் கடைமடை நமது பூமி. மேலே விடுவதெல்லாம் நம்மைக் கடந்தே கடலிற் புகும். நாம் விடுவதோ நமது குளத்திலும் வயலிலும் தங்கும்.

இக்கரைக்குத் துணித் தொழில் புதிதன்று. 1739-ல் பிரெஞ்சுக்காரர் காரைக்காலைப் பெற்றதற்குத் துணி வியாபாரமும் ஒரு காரணம். 19-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியில் அவுரி நீலம் தோய்த்த ‘கினே’ என்னும் துணி செனகல் நாட்டிற்குக் கப்பலேறி, அங்கே வேலம் பிசின் வாங்க நாணயம்போல் வழங்கிற்று. ஐரோப்பிய ஆலைகள் அதைப்போலச் செய்து அனுப்பியும், வாங்குவோர் வாசனையாலேயே வேற்றுமை கண்டனர் என்பர்.

அவுரி நீலம் வெறும் ஜலத்திற் கரையாது. சுண்ணாம்பும் தகரை விதையும் கூட்டித் தாழியிற் புளிக்க வைத்தால் கரையும் நிலை அடையும். தோய்த்த நூலை எடுத்துக் காற்றில் விரித்தவுடன் பச்சை மாறி நீலமாகும். இதற்கு உப்பு வேண்டுவதில்லை. தாழி ஜலத்தையும் கொட்டிவிடாமல், ஊட்டம் கொடுத்துப் பலமுறை உபயோகித்தார்கள். சாயம் இறக்கிய தழை வயலுக்கு எருவாயிற்று. 1897-ல் ஜெர்மனியிலிருந்து செயற்கை நீலம் விற்பனைக்கு வந்தபின் அவுரிச் சாகுபடி சுருங்கியது. மீண்டும் அவுரிக்கே திரும்புவோம் என்பாருமுளர். நீலம் ஒன்றைக் கொண்டு புடவைக் கடையை நிரப்ப இயலாதென்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

1956-ல் விற்பனைக்கு வந்த ரியாக்டிவ் சாயங்கள் பளிச்சென்றிருக்கும், பருத்தியில் உறுதியாகப் பற்றும், சாயமிடுவதும் எளிது. ஆனால் அவை நூலை நாடிச் செல்ல உப்பு வேண்டும். அடர்ந்த வர்ணத்திற்கு லிட்டர் ஒன்றுக்கு 60 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 10 கிலோ நூலுக்கு 200 லிட்டர் ஜலம் கொள்ளும் தொட்டியில் 12 கிலோ உப்புப் போகிறது. மாதம் பத்துத் தொட்டி இறக்கும் சங்கம், ஆண்டொன்றுக்கு 1,440 கிலோ உப்பை வெளியேற்றும். அவ்வுப்பில் ஒரு பிடியும் நூலோடு சந்தைக்குப் போவதில்லை. முழுவதும் ஊரிலேயே நின்றுவிடுகிறது. நெற்பயிரோ நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் உப்பைப் பொறாது.

சுண்ணாம்பும் படிகாரமும் இட்டால் ஜலம் தெளிந்துவிடுமே என்று சிலர் கேட்கக்கூடும். நிறம் போகும், உப்புப் போகாது. இதைத் திருப்பூர் பெருஞ்செலவு செய்து கற்றது. அங்கே முதலில் ஏற்பட்ட பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தைக் குறைத்தனவேயன்றி உப்பை நீக்கவில்லை. பாசனத்திற்கென நொய்யலின் குறுக்கே கட்டி 1992-ல் முடிக்கப்பெற்ற ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவின் தேக்கமாயிற்று. அதில் நீரைத் தேக்க வேண்டாமென்று விவசாயிகளே வேண்டும் நிலை வந்தது. மழை கேட்பதும் மதகு கேட்பதும் கண்டிருக்கிறோம். அணையைக் காலியாக வைக்கக் கேட்டது அங்கேதான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயச் சாலைகளை மூட ஆணையிட்டது. எழுநூறுக்கு மேற்பட்டவை நின்றன. பின்னர் கழிவு ஜலத்தைச் சவ்வில் வடிகட்டியும் காய்ச்சியும் உப்பையும் நீரையும் மீட்கும் முறையோடுதான் தொழில் மீண்டது. நொய்யல் மேட்டூருக்குக் கீழே காவிரியிற் கலக்கும் ஆறு என்பதையும் நாம் நினைவில் வைக்க வேண்டும்.

அத்தகைய யந்திரங்கள் கிராமச் சங்கத்தின் சக்திக்கு அடங்கா. செய்யக்கூடியவை வேறு உண்டு. அடர்ந்த வர்ணங்களுக்கு, இண்டாந்திரின் போன்ற வாட் சாயங்களை வாங்குதல் ஒன்று. இவற்றுக்கு உப்பு மிகக் குறைவு. சாயமும் நூலில் அதிகம் தங்கும். விலை கூடுதல் என்பதை மறைப்பதற்கில்லை. காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோசும் சேர்வதால் கையுறையின்றித் தொட்டியருகே எவரும் நிற்கலாகாது. இதனிலும் எளியது, முதல் தொட்டியின் செறிந்த ஜலத்தை அலசும் ஜலத்தோடு கலவாமல் பிரித்துவிடுவது. உப்பின் பெரும்பகுதி அதில்தான் இருக்கும். சிமெண்டுத் தளமிட்ட ஆழமற்ற பாத்தியில் அதை விட்டால், நமது வெயிலே வற்றவைத்துவிடும். மிஞ்சுவது சாயம் கலந்த உப்பு. அதை மூட்டை கட்டிக் கூரையின்கீழ் வைக்க வேண்டுமேயன்றி வரப்பில் கொட்டலாகாது. ஐப்பசி, கார்த்திகை மழையிற் பாத்தி நிரம்பி வழியுமாதலால், அடர்வர்ண வேலையை மாசி முதல் ஆவணிக்குள் முடித்துக்கொள்ளுதல் நலம்.

இம்மாதக் கூட்டத்தில் சாயக் கணக்குப் புத்தகத்தில் ‘உப்பு, கிலோ’ என்று ஒரு பத்தி புதிதாகக் கிழிக்கும்படி காரியதரிசிகளைக் கேட்டுக்கொள்கிறேன். வாங்கியது எவ்வளவு, பாத்தியில் மீண்டது எவ்வளவு என்று இரண்டையும் எதிரெதிரே எழுதுக. இரண்டுக்குமுள்ள வித்தியாசம் வாய்க்காலில் போனது.